இரைப்பை வருவதற்கு முன்

கொடுவா மீன் குஞ்சுபொரிப்பகம் ஒன்றில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில், இரவில் இடப்பட்ட முட்டைகள் மறுநாள் பொரித்ததும் ஒரு துளி நீரோடு சில லார்வாக்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியின் கீழ் பார்ப்பது என் பொறுப்பாக இருந்தது. உருக்குலைந்தவை எத்தனை, எண்ணெய்த்துளி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, அசைவு எப்படி என்று குறித்துக்கொள்வதோடு அந்த வேலை முடிந்துவிடும். ஆனால் முதல் முறை பார்த்தபோது நான் குறிப்பேட்டை மறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணாடி இழை. அதன் உடலின் பாதிக்கு மேல் மஞ்சள்கருவின் பை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பைக்கும் முதுகுத்தண்டுக்கும் இடையே, பென்சிலால் இழுத்த கோடு போல, நேரான ஒரு குழாய் ஓடியது. அதுதான் உணவுப்பாதை. முன்னால் வாய் திறக்கவில்லை, பின்னால் ஆசனவாயும் திறக்கவில்லை. இரைப்பை என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. குடலின் வளைவுகள் இல்லை. ஐந்தாறு கிலோ எடைக்கு வளர்ந்து, மடவையையும் இறாலையும் முழுதாக விழுங்கப்போகும் ஒரு வேட்டை மீன், வயிறே இல்லாமல் பிறந்திருந்தது.

கொடுவாவின் கருவுற்ற முட்டை 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில், பெரிய மீனாக இருந்தால் பத்து லட்சங்களின் கணக்கில் முட்டையிடும். 27, 28 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள கடல்நீரில் பதினேழு, பதினெட்டு மணி நேரத்தில் அவை பொரித்துவிடும். இவ்வளவு எண்ணிக்கையும் இவ்வளவு அவசரமும் வேண்டுமென்றால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு சிறியதாகத்தான் இருக்க முடியும். குளிர்நாட்டு ஆறுகளின் சால்மன் இதற்கு நேர்மாறானது. அதன் முட்டை பட்டாணி அளவு. பொரித்த குஞ்சு வாரக்கணக்கில் மஞ்சள்கருவை உண்டபடி கூழாங்கற்களுக்கிடையே கிடக்கும். முதல் இரையைத் தேடி வெளியே வரும்போது அதற்குள் இரைப்பை வேலை செய்யத் தயாராக இருக்கும். அதனால்தான் சால்மன் குஞ்சுக்கு முதல் நாளிலிருந்தே உலர்தீவனம் போட்டு வளர்த்துவிட முடிகிறது. கொடுவா உள்ளிட்ட வெப்பக்கடல் மீன்கள் பலவற்றின் குஞ்சு, வீடு கட்டி முடிவதற்குள் குடிபுகுந்தவனைப் போல, உறுப்புகள் முடியும் முன்பே உண்ணத் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தொடக்கத்துக்கான அவகாசமும் மிகக் குறைவு. பொரித்த இரண்டாம் நாளின் முடிவிலோ மூன்றாம் நாளிலோ வாய் திறக்கும். ஏறத்தாழ அதே வேளையில் மஞ்சள்கரு தீர்ந்துபோகும். எண்ணெய்த்துளி மட்டும் மேலும் ஓரிரு நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கையிருப்பு. நார்வே நாட்டு மீனியல் அறிஞர் யோஹான் யோர்ட், ஒரு ஆண்டில் கடலில் மீன் பெருகுவதும் மறு ஆண்டில் அருகுவதும் ஏன் என்று ஆராய்ந்து 1914-இல் எழுதியபோது, விடை இந்தச் சில நாட்களில்தான் இருக்கிறது என்று கருதினார்: மஞ்சள்கரு தீரும் நேரத்தில் வாயளவுக்கு ஏற்ற இரை அருகில் கிடைக்காவிட்டால் அந்த ஆண்டின் தலைமுறையே அழிந்துபோகும். பிளாக்ஸ்டர், ஹெம்பல் என்ற ஆய்வாளர்கள் 1963-இல் ஹெர்ரிங் என்னும் கடல்மீனின் லார்வாக்களைப் பட்டினி போட்டுப் பார்த்து, ஒரு கட்டத்துக்கு மேல் இரையை வாயருகே கொண்டுவந்து கொடுத்தாலும் குஞ்சால் உண்ண முடியாது என்று காட்டினார்கள். உயிரோடிருக்கும், நீந்தும், ஆனால் மீளாது. அந்தக் கட்டத்தைத் தாண்டிய குஞ்சுகளைத் தொட்டியில் நானும் பார்த்திருக்கிறேன். தலை பெருத்தது போலவும் வயிறு உள்வாங்கியும் தெரியும். அறுத்துப் பதப்படுத்திப் பார்த்தால் குடல் சுவரின் செல்கள் உயரம் குறைந்து சுருங்கியிருக்கும், கல்லீரல் செல்களில் சேமிப்பு எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆனால் பட்டினியைப் பற்றி எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. உண்டும் சாகிற குஞ்சைப் பற்றி எழுத வேண்டும்.

வாய் திறக்கும் நாளில் அந்த நேர்க்குழாய் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கும். தொண்டையை ஒட்டிய முன்குடல், நீண்ட நடுக்குடல், ஒரு வால்வால் பிரிக்கப்பட்ட பின்குடல். குழாயின் பக்கச் சுவரிலிருந்து மொட்டுவிட்ட திசுக்கள் கல்லீரலாகவும் கணையமாகவும் வளர்ந்து பித்தநீரையும் நொதிகளையும் சுரக்கத் தயாராகியிருக்கும். இரை ஒன்று உள்ளே வருவதற்கு முன்பே டிரிப்சின் போன்ற கணைய நொதிகள் அங்கே இருக்கின்றன. உணவு வந்து தூண்ட வேண்டும் என்று அவை காத்திருப்பதில்லை, மரபணுவின் கால அட்டவணைப்படி வந்துவிடுகின்றன. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் ஐரோப்பியக் கடற்பாஸ் போன்ற ஊனுண்ணி மீனின் லார்வாவில் தொடக்க நாட்களில் நிறைய இருந்து பின்னர் குறைந்துபோவது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அரிசிச்சோறு உண்ணாத வீட்டில் பானை மட்டும் பெரிதாக வாங்கி வைத்தது போல.

இல்லாதது இரைப்பை. இரைப்பை இல்லை என்றால் அமிலம் இல்லை. அமிலம் இல்லை என்றால் பெப்சின் இல்லை. நாம் ஒரு துண்டு மீனைத் தின்றால் அமிலம் அந்தப் புரதத்தின் முறுக்கை அவிழ்த்துவிடும், பெப்சின் அதைப் பெருந்துண்டுகளாக வெட்டும், குடலுக்குப் போகும்போது அது ஏற்கெனவே பாதி வேலை முடிந்த கூழ். லார்வாவின் குடலில் அந்த முன்வேலை நடப்பதில்லை. அங்கே நடுநிலைக்குச் சற்று மேலான காரத்தன்மையில், டிரிப்சினும் அதன் கூட்டாளிகளும் முழுப் புரதத்தை நேரடியாகச் சமாளிக்க வேண்டும். அவற்றால் முழுமையாகச் சமாளிக்க முடிவதில்லை.

அப்போது உடல் ஒரு பழைய வழியைக் கையாள்கிறது. பின்குடலின் செல்கள், பாதி செரித்த புரதத்தைத் தங்கள் மேற்சுவரை உள்ளே குழித்துச் சிறு குமிழிகளாக அப்படியே விழுங்கிக்கொள்கின்றன. விழுங்கிய புரதம் செல்லுக்குள்ளேயே, உட்கருவுக்கு மேலே திரண்ட குமிழிகளில், மெதுவாகச் செரிக்கிறது. குடலின் உட்குழியில் நடந்திருக்க வேண்டிய செரிமானத்தை ஒவ்வொரு செல்லும் தன் வயிற்றுக்குள் நடத்திக்கொள்கிறது என்று சொல்லலாம். சாயமேற்றிய வெட்டுத்தகட்டில் இந்தக் குமிழிகள் செவ்விளஞ்சிவப்பாக, மாதுளை முத்துக்களைப் போல வரிசையாகத் தெரியும். கன்று ஈன்ற முதல் நாளில் ஏன் சீம்பாலைக் கட்டாயம் குடிக்க வைக்கிறோம் என்று மாடு வளர்த்த வீட்டார்க்குத் தெரியும். அந்த முதல் நாளில் கன்றின் குடலும் சீம்பாலின் எதிர்ப்பொருள் புரதங்களை இப்படித்தான் முழுதாக உள்ளே வாங்கிக்கொள்கிறது, பிறகு அந்த வாசல் மூடிவிடுகிறது. கன்றுக்கு அது ஒரு நாள். கொடுவாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல். கொழுப்பை உறிஞ்சும் வேலை மட்டும் நடுக்குடலின் முற்பகுதியில் தனியாக நடக்கிறது. ஒருவகையில் இது திறமையான ஏற்பாடு. ஆனால் மெதுவானது, குறைந்த அளவுக்கு மட்டுமே போதுமானது.

இந்தக் குடலுக்குப் பொருந்தும் உணவு எது என்பதைக் குஞ்சுபொரிப்பகங்கள் அறிவியலுக்கு முன்பே அனுபவத்தால் கண்டுபிடித்துவிட்டன. தாய்லாந்தில் 1970களின் தொடக்கத்தில் கொடுவாவைச் செயற்கையாகப் பொரிக்கத் தொடங்கியபோதும், இந்தியாவில் முதன்முறையாக மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் முட்டுக்காட்டில் அதைச் செய்துகாட்டியபோதும் ஆதாரமாக இருந்தது உயிர் உணவுதான். நுண்பாசி கலந்த பச்சைநீர், அதில் மூன்றாம் நாளிலிருந்து ரோட்டிஃபர் என்னும் நுண் மிதவை விலங்கு, ஒன்பது பத்து நாளானதும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சுகள். வாய் சிறிதாக இருப்பதால் முதல் நாட்களில் ரோட்டிஃபரிலும் சிறியவற்றைத்தான் சலித்தெடுத்துப் போடுவோம். மில்லிலிட்டருக்கு இருபது என்ற கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். லார்வாவின் உடல் ஒளி ஊடுருவுவதாக இருப்பதால், உண்ட ரோட்டிஃபர்களின் ஓடுகள் குடலுக்குள் அசைவதை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கலாம். குடல் முன்னும் பின்னுமாக அவற்றைப் பிசைந்துகொண்டிருக்கும். மாவு பிசைவதைப் பார்ப்பது போல இருக்கும்.

உயிர் உணவு ஏன் செரிக்கிறது என்பதற்கு நெடுநாள் ஒரு விளக்கம் நிலவியது: இரையே தன்னோடு நொதிகளைக் கொண்டுவந்து தன்னைச் செரிக்க உதவுகிறது என்பார்கள். கேட்க அழகாக இருக்கும் விளக்கம். அளந்து பார்த்தபோது அந்தப் பங்கு மிகச் சொற்பம் என்று தெரியவந்தது. உண்மையான காரணங்கள் அவ்வளவு கவர்ச்சியானவை அல்ல. உயிருள்ள இரையின் உடலில் பெரும்பகுதி நீர். அதன் புரதத்தில் கணிசமானது நீரில் கரையும் தன்மையோடும், ஒன்றோடொன்று பிணையாத அமினோ அமிலங்களாகத் தனித்தனியாகவும் இருக்கிறது. அது துள்ளி அசைவதால் குஞ்சு அதைக் கண்டு தாக்குகிறது. செய்தீவனத் துகளோ உலர்ந்தது, வெப்பத்தில் புரதம் இறுகியது. நீரில் விழுந்தவுடன் கரைய வேண்டிய சத்து கரைந்து ஓடிவிட, செரிக்கக் கடினமானது மட்டும் துகளில் மிஞ்சுகிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ரோட்டிஃபரும் ஆர்ட்டீமியாவும் தங்களளவில் கடல்மீனுக்கு வேண்டிய டிஎச்ஏ கொழுப்பமிலத்தில் வறியவை. மூளைக்கும் கண்ணின் விழித்திரைக்கும் அது அவசியம் என்பதால் மீனெண்ணெய்க் குழம்பை அவற்றுக்கு ஊட்டி, வயிற்றை நிரப்பி, பிறகு குஞ்சுக்குப் போடுவோம். ரோட்டிஃபர் உணவு மட்டுமல்ல, உணவைச் சுமக்கும் பொட்டலமும்கூட.

அந்த எண்ணெய்க் குழம்பின் மிச்சம் தொட்டியின் மேற்பரப்பில் படலமாகப் படிந்தால் வேறொரு ஆபத்து உண்டு. உணவுப்பாதைக்கும் காற்றுப்பைக்கும் இடையே லார்வாவுக்கு ஒரு மெல்லிய குழாய் சில நாட்களுக்கு மட்டும் திறந்திருக்கும். குஞ்சு நீர்ப்பரப்புக்கு வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கி அந்தக் குழாய் வழியாகக் காற்றுப்பையை ஊதிக்கொள்ளும். பிறகு குழாய் மூடிக்கொள்ளும். படலம் குறுக்கே இருந்தால் காற்று எட்டாது, பை ஊதாது, அந்த மீன் வாழ்ந்தாலும் முதுகு வளைந்துதான் வாழும். காலை வேளைகளில் படலத்தை வழித்தெடுப்பதுதான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாங்கள் கொடுத்த முதல் வேலை.

இனி என் தவறு. அது நான் பொறுப்பேற்ற இரண்டாவது பருவம். ஆர்ட்டீமியாவின் உலர் முட்டைகள் பெரும்பாலும் அமெரிக்காவின் உட்டா மாநிலத்து உப்பேரியிலிருந்து தகர டப்பாக்களில் வருபவை. தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா உண்டு என்றாலும் பொரிப்பகத்தின் தேவைக்கு நாங்கள் நம்பியிருந்தது டப்பாக்களைத்தான். அந்தப் பருவத்தில் விலை ஏறியிருந்தது, இருப்பும் குறைந்துகொண்டே வந்தது. குஞ்சுகள் பன்னிரண்டாம் நாளில் நன்றாக இருந்தன, துகள்தீவனத்தைப் போட்டால் சில பாய்ந்து கவ்வின. எனக்கு அதுவே போதுமான சான்றாகப் பட்டது. உண்ணத் தெரிந்தவனுக்குச் செரிக்கவும் தெரியும் என்று நினைத்தேன். பதினான்காம் நாள் ஆர்ட்டீமியாவை முற்றிலும் நிறுத்தினேன்.

இரண்டு நாள் எல்லாம் சரியாகவே தெரிந்தது. குஞ்சுகளின் வயிறு பழுப்பாக நிறைந்திருந்தது, நான் அதைப் பார்த்துப் பெருமையோடு குறிப்பேட்டில் எழுதினேன். என்னோடு தொட்டிகளைக் கவனித்துவந்த மூத்த பணியாளர் ஒருவர், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர், மூன்றாம் நாள் காலையில் கண்ணாடிக் குவளையில் சில குஞ்சுகளை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, “தின்னுது தம்பி, ஆனா ஒட்ட மாட்டேங்குது” என்றார். தின்பது உடம்பில் ஒட்டவில்லை என்று பிள்ளைகளைப் பற்றி நம் வீடுகளில் சொல்வதுதான். நான் அடியில் கிடந்த கழிவிழைகளை உறிஞ்சியெடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். தீவனத் துகள்கள் உடைந்த கல்லைப் போல விளிம்புகள் கூர்மையாக, போட்டபோது இருந்த அதே உருவத்தோடு வெளியே வந்திருந்தன. பதினெட்டாம் நாளுக்குள் அந்தத் தொட்டியில் பாதிக்கு மேல் போய்விட்டது. வயிறு நிறைந்த நிலையில் பட்டினியால் இறந்தவை அவை. ஆர்ட்டீமியாவை மறுபடியும் கொண்டுவந்தபோது பலவற்றுக்கு அது பயன்படவில்லை. ஹெர்ரிங் ஆய்வாளர்கள் குறித்த அந்த எல்லையை அவை தாண்டியிருந்தன என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகுதான் நான் முன்பே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். வால்ஃபோர்டும் லாமும் கொடுவா லார்வாவின் உணவுப்பாதையைப் பற்றி 1993-இல் வெளியிட்ட ஆய்வு, என் தொட்டியில் நடந்ததற்கு நாள்குறித்த விளக்கமாக இருந்தது. எட்டாம் நாளில் இரைப்பை உருவாக வேண்டிய இடத்தில் அமில-கார அளவு (pH; இது குறையக் குறைய அமிலம் மிகும்) 7-க்கு மேலேயே இருக்கிறது. பதினேழாம் நாளில் அது 5 அளவுக்கு இறங்குகிறது. இருபத்திரண்டாம் நாளில் 4-க்கும் கீழே போகிறது. அமிலம் அதிகரிப்பதோடு பெப்சினின் செயலும் உயர்கிறது. நான் உயிர் உணவை நிறுத்திய பதினான்காம் நாள், முன்குடலின் பின்முனை சற்றே பைபோல விரிந்திருக்கும். பார்ப்பவனுக்கு இரைப்பை வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதன் சுவரில் சுரப்பிகள் வேலைக்கு வரவில்லை. பை இருந்தது, இரைப்பை இல்லை.

மனித இரைப்பையில் அமிலத்தை ஒருவகைச் செல்லும், பெப்சினின் முன்வடிவத்தை வேறொரு வகைச் செல்லும் சுரக்கின்றன. மீனில் இரண்டையும் ஒரே வகைச் செல்தான் சுரக்கிறது. ஆகவே சுரப்பிகள் முதிரும் அந்தச் சில நாட்களில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. சுரப்பிகள் எப்போது முதிர வேண்டும் என்பதில் தைராய்டு ஹார்மோனுக்கும் பங்குண்டு. தவளைக்குஞ்சு வாலை இழந்து உருமாறுவதை நடத்தும் அதே ஹார்மோன். அமிலம் வந்தால் செரிமானம் மட்டும் மாறுவதில்லை. கடல்மீன் லார்வா உடல்நீரை ஈடுகட்டக் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருப்பதால், நீரிலுள்ள பாக்டீரியாக்கள் தடையின்றிக் குடலுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன; அமிலம் முதன்முறையாக அந்த வாசலில் ஒரு காவலாளாக நிற்கிறது.

குடலும் அதே வாரங்களில் தன் வேலைமுறையை மாற்றிக்கொள்கிறது. தொடக்கத்தில் செல்லின் உள்ளே இருந்த புரதம் பிளக்கும் நொதிகள் மெல்லக் குறைய, குடற்சுவரின் தூரிகை போன்ற மேல்விளிம்பில் அமரும் நொதிகள் மிகுகின்றன. செல் தனக்குள் விழுங்கிச் செரித்தது போய், வாசலிலேயே வெட்டி வாங்கிக்கொள்ளும் முதிர்ந்த முறை வருகிறது. பிரான்சின் பிரெஸ்ட் நகரில் ஐரோப்பியக் கடற்பாஸைக் கொண்டு காயுவும் சாம்போனினோ இன்ஃபாந்தேயும் நெடுங்காலம் ஆராய்ந்தது இந்த மாற்றத்தைத்தான். பொருந்தாத தீவனம் கொடுத்தால் இந்த முதிர்ச்சியே தள்ளிப்போகிறது என்று அவர்கள் காட்டினார்கள். புரதத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே சிறு துண்டுகளாக்கிக் கொடுத்தும், கொழுப்பில் பாஸ்போலிப்பிட் வகையை உயர்த்தியும் பார்த்தபோது குஞ்சுகள் தேறின. ஆனால் முன்வெட்டிய புரதத்தின் அளவை மிகுத்தால் பலன் தலைகீழாகிறது. பாதி மென்று கொடுக்கலாம், முழுவதும் மென்று கொடுத்தால் ஆகாது.

என் மாமா ஒருவர் ரோகுவும் கட்லாவும் வளர்ப்பவர். இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது, கெண்டைக்குஞ்சுக்குக் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் தூவியே வளர்க்கிறோமே, அதற்கு இந்தப் பாடு இல்லையே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதிலும் கெண்டை இனத்துக்கு வாழ்நாள் முழுவதும் இரைப்பையே கிடையாது. உணவுக்குழாய் நேரே குடலில் போய்ச் சேர்கிறது. ஆனால் நாற்றங்கால் குளத்தில் அந்தக் குஞ்சைத் தொடக்க நாட்களில் காப்பாற்றுவது பிண்ணாக்கு அல்ல, குளத்தில் சாணமிட்டு விளையவைத்த நுண்ணுயிர் மிதவைகள். பிண்ணாக்கில் பெரும்பகுதி குளத்துக்குத்தான் உரமாகிறது. மேலும், இரைப்பையில்லாமலே வாழ்வதற்கென்று அமைந்த குடலும், வரப்போகும் இரைப்பைக்காகக் காத்திருக்கும் குடலும் ஒன்றல்ல. கெண்டை சிறிது சிறிதாக ஓயாமல் மேயும். கொடுவா ஒரே வாயில் பெரிய இரையை விழுங்கிவிட்டு ஓய்ந்திருக்கும். அதற்கு இரைப்பை என்பது களஞ்சியமும்கூட.

களஞ்சியம் வந்துவிட்டதை மூன்றாம் வாரத்தில் வேறொரு விதத்தில் அறியலாம். அந்த நாட்களில் தொட்டியில் குஞ்சுகள் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கும். தன் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குள்ள தம்பியைக்கூடக் கொடுவாக்குஞ்சு விழுங்கிவிடும். வாயிலிருந்து வால் வெளியே நீட்டியபடி நீந்துவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் சல்லடைத் தொட்டிகளில் விட்டு அளவுவாரியாகத் தரம் பிரிப்பதை மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை செய்வோம். பொரிப்பகக் கணக்கில் இது இழப்பு. உடலியல் கணக்கில், விழுங்கியதைக் கரைக்க அங்கே அமிலம் சுரக்கிறது என்பதற்கான அறிவிப்பு.

அடுத்த தொகுதியில் நான் அவசரப்படவில்லை. பதினைந்தாம் நாளிலிருந்து தீவனத்தை ஆர்ட்டீமியாவுக்கு முன்பாகச் சிறிதளவு தூவி, பிறகு ஆர்ட்டீமியாவைக் கொடுத்து, இரண்டையும் பல நாட்கள் சேர்த்தே ஓட்டினேன். ஆர்ட்டீமியாவையும் அள்ளிக் கொட்டாமல் பகலில் பல வேளையாகப் பிரித்தேன். குடல் நிரம்பி வழியும்போது முன்னே போனதைப் பின்னே வந்தது தள்ளிவிட, உயிர் உணவுகூடச் செரிக்காமல் வெளியேறும் என்பதை அதற்குள் கற்றிருந்தேன். டப்பாக்களின் கணக்கைப் பார்த்து நிர்வாகம் முகம் சுளித்தது. நாங்கள் அந்த மூன்று வாரமும் அந்தக் குஞ்சுகளுக்கு இரைப்பையாக இருப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறோம் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

இருபத்திரண்டாம் நாள் மாலை, காலையிலிருந்து தீவனம் மட்டுமே உண்டிருந்த தொட்டியிலிருந்து அந்த மூத்த பணியாளர் கழிவிழைகளைக் குழாயில் உறிஞ்சிக் கொண்டுவந்து தகட்டில் விட்டார். நுண்ணோக்கியின் திருகை ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் திருப்பித் தேடினேன். பழுப்பு நிறக் கூழ்தான் தெரிந்தது. எந்தத் துகளுக்கும் விளிம்பு இல்லை. இடத்தை அவருக்கு விட்டு நகர்ந்துகொண்டேன். அவர் குனிந்து பார்த்து, “ஒட்டிருச்சு தம்பி” என்றார்.